ஜெராட்டின் நாக்கு

முளைகட்டிய நெல்லை வெயிலில் காயப் போட்டால் கோழிகளிடமிருந்து அதைக் காப்பதுதான் பெரும்பாடு, சேர். மற்றதைப் பொறுமையுள்ள எவரும் செய்யலாம். இடித்து, சோற்றோடு பிசைந்து, தண்ணீர் விட்டு, பானையின் வாயைத் துணியால் கட்டி வைக்க வேண்டியதுதான்.

நான் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன். அந்தக் காலத்தில் நம்மவர்கள் வீட்டிலேயே நெல்லில் ஆக்கிய கள்ளுக்குத் தோப்பி என்று பெயர். பெயர் ஏட்டில் இருக்கிறது, பக்குவம் இல்லை. அதைத் திரும்ப ஆக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். சரியாக வந்ததா என்று சொல்ல ஒரு நாக்குத் தேவைப்பட்டது. என் நாக்கு உதவாது. குடிப்பதில்லை என்று சிறுவயதில் எங்கள் மெதடிஸ்த ஆலயத்தில் கொடுத்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன்.

என் மனைவி மக்டலினின் தம்பி ஜெராட்டுக்கு அந்த நாக்கு இருந்தது. கள்ளோ கசிப்போ, ஒரு மிடற்றிலேயே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவான். ஈரல் பழுதாகிக் குடியை விட்டிருந்தான். பழைய கூட்டாளிகள் மறுபடி இழுத்துவிடுவார்கள் என்று மக்டலின் பயந்தாள். பழுகாமத்தில் நம் வயல் காவல் வாடியில் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கிறேன் என்றேன். அழுதுவிட்டாள். வாவிக்கு அக்கரை, சுற்றிலும் அறுவடை முடிந்த வயல் வட்டை, கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லை. கதவைப் பூட்டி வைக்கச் சொன்னதும் அவள்தான்.

முதல் பானையை ஜெராட் மணத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். இது குடியல்ல, சரித்திரம் என்று விளக்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிள்ளைகளை மேய்த்த எனக்குப் பிடிவாதம் புதிதல்ல. நான் கோபப்படவில்லை. தண்ணீர்க் குடத்தை மட்டும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பூட்டினேன். பங்குனி வெயில், தகரக் கூரை. மறுநாள் பானை காலியாக இருந்தது.

"புளிப்புக் கூடிப்போச்சு அத்தான்," என்றான்.

சரியாகத்தான் சொன்னான். அடுத்ததை முந்தியே இறக்கினேன். அதன்பிறகு சாவிச் சத்தம் கேட்டாலே கதவடிக்கு வந்துவிடுவான். அவனாகவே கேட்டுக் குடித்தான், கட்டாயப்படுத்தினேன் என்று வாக்குமூலத்தில் எழுதாதீர்கள்.

போகப் போகக் கண் மஞ்சளித்தது, வயிறு ஊதியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாவியில் போகும் தோணிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தது. எனக்கும் கவலையாகத்தான் இருந்தது.

"என்னை ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க அத்தான். அக்காட்டச் சொல்லமாட்டன்."

ஒரு பானை நொதித்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்துவிட்டுப் போவோம் என்றேன்.

இனி ஒரு துளி பட்டாலும் ஆள் மிஞ்சாது என்று டொக்டர் சொன்னது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கிளினிக்குக்கு அவனைக் கூட்டிப்போனதே நான்தான்.

கடைசிப் பானை நன்றாக வந்தது என்றே நினைக்கிறேன். தலையைத் தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றினேன். விழுங்கினான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன், பதில் இல்லை. மூச்சு நிற்கும்வரை பக்கத்தில் காத்திருந்தேன். அந்த ஒரு சொல் கிடைக்காமல் போனது இன்னும் மனதை அறுக்கிறது.

கொலை என்றே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள், சேர். மக்டலினும் அதைப் படிக்க வேண்டும். நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை.