மீந்த மாத்திரைகள்

மாத்திரை டப்பாவைக் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், உள்ளே எத்தனை மிச்சம் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை ஐயா. மருந்துச் சோதனைகளுக்கு இருபது வருடம் புள்ளியியல் பார்த்தவனுக்கு இதெல்லாம் தானாகக் கைவந்துவிடும். நீங்கள் விசாரிக்க வந்ததையும் ஒளிக்காமல் சொல்கிறேன். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

அது நிமோனியாவுக்கான புது மாத்திரை. நாளுக்கு ஒன்று, பதினான்கு நாள். நானூறு நோயாளிகளில் பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு அது. மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. முடிவில் புது மாத்திரைக்காரர்களில் நூற்றுமுப்பது பேர் குணம், மற்றவர்களில் நூற்றுப்பதின்மூன்று. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் மருந்து ஒன்றுமே செய்யாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர நூற்றில் எட்டு வாய்ப்பு. ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் எங்கள் துறையில் கதவு திறக்கும். நம்பிக்கை இடைவெளியும் சுழியத்தைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு கால் வைத்திருந்தது. பயனே இல்லை என்பதையும் தள்ளிவிட முடியாது என்று அதற்குப் பொருள்.

சோதனையை நடத்திய பெரிய டாக்டருக்கு அது ஏழு வருட உழைப்பு. "மயிரிழையில போச்சேப்பா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

மாத்திரையை முழுதாகச் சாப்பிட்டவர்களை மட்டும் வைத்து ஒரு கணக்குப் போடுவது எங்கள் வழக்கம். அரைகுறையாகச் சாப்பிட்டவனை வைத்து மருந்தை எடைபோடுவது நியாயமா, சொல்லுங்கள். அதைத் துணைக் கணக்காகத்தான் காட்டுவார்கள். நான் முதல் கணக்காக்கினேன். முன்பே அப்படித் திட்டமிட்டதாகக் காட்டத் திட்டத்தாளின் தேதியையும் மாற்றி வைத்தேன். இந்தப் பக்கம் பதினொரு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் கழிந்தார்கள். எட்டு, இரண்டானது. இடைவெளியும் சுழியத்தை விட்டு விலகிக்கொண்டது.

மீந்த மாத்திரைகளை எண்ணி எழுதும் நர்ஸம்மா என் அறைக்கு வந்தார்.

"சார், நீங்க கழிச்ச அத்தனை பேரும் செத்துப்போனவங்க. செத்தவங்க மிச்ச மாத்திரையை எப்படி சார் முழுங்குவாங்க?"

"முழுசா சாப்பிடலையேம்மா. அதான் விதி."

"நல்லா இருக்கு சார் உங்க விதி. புது மாத்திரையில பதினொண்ணு, வெறும் மாத்திரையில நாலு. உங்களுக்கு உறுத்தலையா?"

அதையும் சோதித்திருந்தேன். தற்செயலாக அப்படி வர நூற்றில் பத்துக்கு மேல் வாய்ப்பு. ஐந்தைத் தாண்டிவிட்டது, ஆகவே கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. மருந்து பலிக்கவில்லை என்று அதே ஐந்து சொன்னபோது நான் கேட்கவில்லை. கொல்லவில்லை என்று சொன்னபோது கேட்டுக்கொண்டேன். நர்ஸம்மாவை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன்.

மாத்திரை கடைக்கு வந்தது. அடுத்த வருடம் என் தங்கைக்கு நிமோனியா. டாக்டர் சீட்டைப் போனில் வாசித்தாள்.

"அண்ணா, இது நீ பார்த்த மாத்திரைதானே? சாப்பிடவா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். சின்ன வயதிலிருந்தே விடாக்கண்டி அவள்.

"நல்ல மாத்திரைம்மா. ஒரு நாளும் விடாம சாப்பிடு" என்றேன்.

பதினோராம் நாள் மாத்திரையைப் போட்ட அன்று மாலை போய்ச்சேர்ந்தாள். அவள் கணவர் என் தோளில் விழுந்து அழுதார். "நீங்க சொன்னீங்களேன்னுதான் மச்சான் தைரியமா குடுத்தேன்." அவரைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே கட்டிலோரம் கிடந்த டப்பாவை எடுத்துக் குலுக்கினேன். மூன்று.

தேதியை மாற்றியது நான். இறந்தவர்களைக் கழித்தது நான். தங்கையைச் சாப்பிடச் சொன்னதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவளுக்கு இன்னும் மூன்று மாத்திரை பாக்கி இருந்தது. முழுதாகச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள்.