மீசை வரைந்த பந்து

நான் எழுதப்போவது அத்தனையும் உண்மை. இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் இனி நான் அடிக்கிற பந்தெல்லாம் குளத்தில் விழட்டும். கோல்ஃப் ஆடுகிறவனுக்கு இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது. பிள்ளைகள் தலையில் கை வைத்தும் சத்தியம் செய்யலாம். ஆனால் நாற்பது வருடமாக அப்படிச் செய்திருக்கிறேன், அவர்களுக்கு ஒரு சளிகூடப் பிடித்ததில்லை. அதனால் அதை யாரும் நம்புவதில்லை.

மச்சானுடைய பந்து என் பேன்ட் பாக்கெட்டுக்கு எப்படி வந்தது என்று கிளப் கமிட்டி எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. கீழே ஏழு பேர் கையெழுத்து. ஆறு பேருக்குப் பந்தை நேராக அடிக்கத் தெரியாது. ஏழாவது ஆளுக்குக் கையெழுத்தே நேராக வரவில்லை. ஆனாலும் மரியாதையாகக் கேட்டிருப்பதால் மரியாதையாகவே சொல்கிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டே காலத்தை ஓட்டியவர். நான் நில அளவையாளராக இருந்தவன். ஒரு புல்வெளியைப் பார்த்தாலே அது எத்தனை அடி என்று சொல்லிவிடுவேன். மச்சானைப் பார்த்தாலே அவர் எத்தனை அடி தள்ளி அடிப்பார் என்றும் சொல்லிவிடுவேன். ஒருமுறை அவர் அடித்த பந்து வேலியைத் தாண்டி, ஓடுகிற லாரியில் விழுந்து ஊர் ஊராகப் போனது. நான்காம் நாள் அந்த டிரைவரே கொண்டுவந்து கொடுத்தார். மச்சான் வாழ்நாளில் அடித்த மிக நீளமான அடி அதுதான்.

அந்த டிரைவருக்குப் பந்து யாருடையது என்று எப்படித் தெரிந்தது என்றால், மச்சான் தன் பந்துகளில் எல்லாம் நீல மையில் ஒரு மீசை வரைந்து வைப்பார். முறுக்கு மீசை. கிளப் வாசலில் விசாரித்தால் காவலாளிகூடச் சொல்லிவிடுவார். தன் முகத்தில் முளைக்காததைப் பந்தில் வரைந்துகொள்கிறார் என்று நான் சொல்வதுண்டு. அவரும் சேர்ந்து சிரிப்பார். அவமானப்படுத்தக்கூட லாயக்கில்லாத மனிதர்.

இப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை இருந்தது. முதல் அடியிலேயே பந்து குழிக்குள் விழ வேண்டும், ஒரே ஒருமுறை. அப்படி அடித்தவர்களின் பெயர்களைக் கிளப் கூடத்தில் ஒரு தேக்குப் பலகையில் பொன்னெழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். மச்சான் அதன் முன்னால் நின்றுகொண்டு காபி குடிப்பார். பலகையில் பெயர் ஏறுவதற்காக ஏங்குகிற மனிதர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். செத்த பிறகும் நம்மைப் பார்த்துக்கொண்டு நாலு பேர் காபி குடிக்க வேண்டுமா?

அந்த நாளுக்காக ஒரு பாட்டிலை வேறு இருபத்திரண்டு வருடமாக அலமாரியில் சட்டைகளுக்குப் பின்னால் வைத்திருந்தார். குழியில் விழுந்த அன்றைக்குத்தான் மூடியைத் திறப்பாராம்.

என் வீட்டிலும் கோல்ஃப் உண்டு. கூடத்துக் கம்பளத்தில் ஒரு டம்ளரைப் படுக்க வைத்து அதற்குள் பந்தைத் தள்ளிப் பழகுவேன். "இந்த வீட்ல தண்ணி குடிக்க ஒரு டம்ளராவது நிக்குதா? எல்லாம் குடிகாரன் மாதிரி விழுந்து கெடக்கு" என்பாள் மனைவி. டம்ளர்களை நிமிர்த்தி வைப்பாள். நான் மறுபடி படுக்க வைப்பேன். எங்கள் இல்லறம் பெரும்பாலும் இதுதான். மோசம் என்று சொல்ல மாட்டேன்.

சென்ற வருடம் மச்சானின் முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்குப் பிறகு நடக்கலாம், மட்டையைச் சுழற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவருடைய கடைசி ஆட்டம். அவர், நான், நம் கிளப்பில் ஆடுகிற பல் டாக்டர், மூன்று பேர்.

ஏழாவது குழி உங்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு மேடு. அடிக்கிற இடத்திலிருந்து கொடியின் நுனி மட்டும் தெரியும், குழி தெரியாது. பந்து என்ன ஆனது என்பதை மேட்டில் ஏறிப் பார்த்தால்தான் உண்டு. பல் டாக்டர் அடித்தார். வலப்பக்கப் புதருக்குப் போனது. நான் அடித்தேன். அதில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மச்சான்.

மட்டை தரையைத் தோண்டியது. ஒரு கைப்பிடி மண் பந்தைவிட உயரமாகப் பறந்தது. பந்து எலி மாதிரி தரையோடு ஓடி, தண்ணீர் தெளிக்கிற குழாயின் இரும்பு மூடியில் முட்டி, துள்ளி, மேட்டுக்கு அந்தப் பக்கம் மறைந்தது.

"எப்பிடி மாப்ளே நம்ம அடி?" என்றார்.

"விவசாயம் பண்ணலாம் மச்சான்" என்றேன்.

பல் டாக்டர் புதரைக் கிளறிக்கொண்டிருந்தார். மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக வந்தார். நான் முதலில் மேடேறினேன். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். நீல மீசை என்னைப் பார்த்தது.

இங்கேதான் நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். அது அடியா? மட்டை மண்ணில், பந்து குழாய் மூடியில். அந்த அடிக்கு அந்தக் குழி என்றால், பொழுது விடிந்தால் எழுந்து முதுகை வளைத்துப் பழகுகிறவனுக்கு என்ன மரியாதை? நாளைக்கு எருமை உதைத்த பந்து விழுந்தாலும் பெயர் எழுதுவீர்களா? ஆட்டத்தின் மானத்தை யாராவது காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த நிமிடத்தில் அங்கே நான் ஒருவன்தான் இருந்தேன். இடுப்பு வலியையும் பொருட்படுத்தாமல் குனிந்து, பந்தை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மச்சான் மூச்சிரைக்க மேலே வந்தார். "மாப்ளே, எங்க கெடக்கு நம்ம ஆளு?"

"காணலையே."

"குழிக்குள்ள பாத்தீங்களா?"

"பாத்தேன் மச்சான். உங்க பந்து இல்ல."

கவனியுங்கள், நான் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது அங்கே இல்லைதான்.

விதிப்படி மூன்று நிமிடம் தேடினோம். மச்சான் மணலில் தேடினார். குச்சியால் புல்லை விலக்கினார். வலிக்கிற காலை மடக்கித் தரையில் உட்கார்ந்துகூடப் பார்த்தார். பல் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து, "டைம் ஆச்சு சார், இனிமே காப்பாத்த முடியாது" என்றார், சொத்தைப் பல்லைப் பற்றிச் சொல்கிற அதே குரலில்.

ஆட்டம் முடிந்ததும் ஏகப்பட்ட கைகுலுக்கல். பல் டாக்டர் கட்டிக்கூடப் பிடித்தார். சாயங்காலம் மச்சான் வீட்டில் கூடினோம். அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்தார்.

"இனி வெச்சு என்ன பண்ணப் போறேன்? குடிங்க மாப்ளே" என்று முதல் கிளாஸை என் கையில் கொடுத்தார்.

"இருபத்திரண்டு வருஷமா தொடைச்சிருக்கேன், எனக்கும் ஒரு மூடி ஊத்துங்க" என்றார் அவர் மனைவி. எல்லோரும் சிரித்தோம். சரக்கு நன்றாக இருந்தது. நான் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடாதவர் மச்சான்தான். கால் தேறியதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கைத்தடியோடு ஏழாவது குழிக்கு வந்து பந்தைத் தேட ஆரம்பித்தார். "கைக்குத் தெரியும் மாப்ளே. அது நல்ல அடி. குழிக்குப் பக்கத்துலதான் எங்கேயோ கெடக்கும். எவ்வளவு பக்கம்னு தெரிஞ்சா போதும் எனக்கு" என்றார். வாராவாரம் அந்த அடி அவர் நினைவில் அழகாகிக்கொண்டே வந்தது. குழாய் மூடி மறைந்தது. மண் மறைந்தது. கடைசியில் பந்து வானத்தில் போயிருந்தது.

பதினோரு மாதம் நானும் கூடவே போய்த் தேடினேன். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம். பந்தை வீட்டில் வைத்தால் மனைவி பார்த்துவிடுவாள் என்று பாக்கெட்டிலேயே வைத்திருந்தேன். மனசாரத்தான் தேடினேன். ஒரு வயதான மனிதரைத் தனியாக அலையவிட எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் தேடும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து நனைந்த பேன்ட்டை அப்படியே கழற்றிப் போட்டேன். துவைக்கிற மெஷினில் போடுமுன் மனைவி பாக்கெட்டில் கைவிட்டாள்.

"இது அண்ணன் பந்துதானே?"

நான் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கும் அவர்கூடப் போய்த் தேடினீங்கல்ல?"

"தேடினேன்."

"இத பாக்கெட்ல வெச்சுக்கிட்டு?"

கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் பந்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் திரும்பவில்லை. வீட்டில் டம்ளர்கள் படுத்தபடி கிடக்கின்றன. நிமிர்த்தி வைக்க ஆள் இல்லாததால் பழக வசதியாக இருக்கிறது.

ஆக, மச்சானின் பந்து குழியில்தான் விழுந்தது. எடுத்தவன் நான். எனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, விளையாட்டின் நன்மைக்காகச் செய்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை மச்சான் ஏழாவது குழிக்கு வரவில்லை. நான் மட்டும் போனேன். தேடுவதற்கு ஒன்றுமில்லாததால் சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

ஒரு விவரம் விட்டுப்போயிற்று. மச்சானின் பந்தை எடுத்த பிறகு குழி வெறுமையாகக் கிடந்தது. பார்க்க நன்றாக இல்லை. நாலு அடி தள்ளிப் புல்லில் கிடந்த என் பந்தை எடுத்து உள்ளே வைத்தேன். உங்கள் தேக்குப் பலகையில் அந்தத் தேதிக்கு நேரே பொன்னெழுத்தில் இருக்கிற பெயர் என்னுடையது.