டாக்டரிடம் சொல்லிப் பார்த்தது

ஆரணியில் டாக்டரைப் பார்க்க போனில் டோக்கன் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் போளூர்ப் பக்கமிருந்து வந்த கணவன் மனைவி.

“உள்ள போயி, நல்லா இருக்கேன்னு சொல்லிடாதீங்க,” என்றார் அந்த அம்மா.

“பழக்கம். வாய்ல வந்துடுது.”

“இப்பவே சொல்லிப் பாருங்க. நான்தான் டாக்டரு. உங்களுக்கு என்னா செய்யுது?”

அவர் சிரித்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “படுத்தா மூச்சு முட்டுதுங்க. வூட்ல பயந்துடுவாளேன்னு, அவ தூங்கினதும் எழுந்து வெளிய உக்காந்துகினு இருக்கேன்.”

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“எப்பலருந்து?”

“இது டாக்டரு கேக்கறதா, நீ கேக்கறியா?”

“நான்தான் கேக்கறேன்.”

“நெல்லு அறுப்புக்கு முன்னாலருந்து.”

உள்ளிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாதான் முதலில் எழுந்தார்.