பனியன் போட்ட ஸ்பீக்கர்

உடுமலையிலிருந்து திருப்பூர் போகும் பேருந்து. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். கணவரின் மடியில் பழைய கிட்டார் ஸ்பீக்கர் பெட்டி; அதன் முகப்பில் புதிதாக ஒட்டிய பனியன் துணி.

“ஏனுங்க, ஸ்பீக்கருக்குப் பனியன் போட்டீங்களே, ஜட்டியும் போட்டிருக்கலாமில்லீங்க?” என்றாள் மனைவி.

“பழைய துணி கிழிஞ்சுபோச்சு. பனியன் கம்பெனித் துணி மெல்லிசு, சத்தம் தாராளமா வெளிய வரும்.”

“உள்ள ஒரு மூட்டை கட்டிங் வேஸ்ட்டுத் துணியைத் திணிச்சிருக்கீங்க. கிட்டாரு போர்வைக்குள்ள இருமற மாதிரி இருக்குது.”

“அதிரக்கூடாதுன்னுதான் திணிச்சேன். இன்னிக்கு ஃபாதர் கேட்டுட்டு, புடிச்சாத்தான் சர்ச்சுல வாசிக்க உடுவாரு.”

“மொதல்ல அவருக்குக் கேக்கோணுமில்லீங்க?”

அவர் பெட்டியின் திறந்த பின்புறத்தில் கைவிட்டு, வண்ண வண்ணமாக வேஸ்ட்டை உருவினார். என் மடியில் தூங்கும் மகள் விழித்துவிடுவாளோ என்று நான் சிரிப்பை அடக்கினேன்.

மனைவி அவர் கையைப் பிடித்தாள். “பாதிய உட்டுருங்க. எல்லாத்தையும் எடுத்தா, நீங்க வாசிக்கறது தெளிவாக் கேட்டுப்போடும்.”