துருப் பிடிக்காத ஆக்சில்

எங்கள் ஊரில் புதுசாக ஒரு சைக்கிள் வாங்கினால்கூட முதல் வேலை அதற்குக் கிரீஸ் தடவுவதுதான் சார். மரக்காணத்து உப்புக் காற்று அப்படி. ஜன்னல் கம்பி, கேட் தாழ்ப்பாள், மிக்ஸிக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூ, எதையும் விட்டுவைக்காது. அதனால் இங்கே எந்த இரும்பைக் கையில் எடுத்தாலும் துரு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இல்லையென்றால் அது நல்ல இரும்பு. அதற்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நான் பார்ப்பேன். அது என் தொழில். பெயர் வெங்கடாசலம், ஈ.சி.ஆர். ரோட்டோரம் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். உப்பளத்துப் பம்புகளுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் உள்ளே சுற்றுகிற ஷாப்ட் கடைந்து கொடுக்கிறேன். ஐ.டி.ஐ.யில் முறையாகப் படித்தவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. உபைத் படிக்கவில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

உபைத் வீடு என் பட்டறைக்குப் பின்தெரு. ஷார்ஜாவில் ஏதோ குடோனில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். மளிகைக் கடை வைப்பான் என்று எல்லோரும் நினைத்தோம். அவன் புதுச்சேரியில் யாரோ கழித்துப் போட்ட லேத்தை வாங்கி வந்து வீட்டுக் கொல்லையில் இறக்கினான். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே கடையக் கற்றுக்கொண்டான். ஆரம்பத்தில் டூல் முனை உடைந்தால் என்னிடம்தான் ஓடி வருவான். நானும் சாணை பிடித்துக் கொடுப்பேன். அவனுக்கு வேலை சரியாக வராத வரைக்கும் அவனை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பிறகு அவன் சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்தான். எஞ்சினும் சக்கரங்களும் பழைய வண்டிகளில் கழற்றியவை. மீதி எல்லாம் அவன் கை. குழாய்க்குள் மணலை நிரப்பிச் சூடுகாட்டி வளைத்து ஃபிரேம் செய்தான். பால் கேனை வெட்டி டேங்க் செய்தான். பழைய பிஸ்டன்களை உருக்கி ஊற்றி, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கிளாம்பைக் கடைந்தான். நன்றாக இருந்தது. இதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

சனம் வேடிக்கை பார்க்க வந்தது. உப்பு வாரிவிட்டுத் திரும்புகிற பெண்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். புதுச்சேரிக்குப் போகிற கார்க்காரர்கள் என் பட்டறை வாசலில் நிறுத்தி, "வண்டி செய்றாரே, அவர் வீடு எதுங்க?" என்று கேட்பார்கள். நான் கையைக் காட்டுவேன். ஒரு நாளில் பல முறை காட்டியிருக்கிறேன்.

ஒரு மதியம் சாப்பாடு போடும்போது என் மனைவி சூர்யகலா சொன்னாள்: "நீங்களும்தான் இத்தினி வருஷமா லேத் ஓட்டுறீங்க. இது எங்க வூட்டுக்காரர் செஞ்சதுன்னு காட்ட ஒரு சாமான் இருக்குதா?" குத்திச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. உபைத்தின் முகம், அவன் வண்டி, அவன் வீட்டுக்குப் போகிற தெரு, எல்லாவற்றின் மேலும் எரிந்தது. மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடித்தேன்.

அந்த வாரமே அவன் வந்தான். முன் சக்கரத்தைத் தாங்கும் ஆக்சில் கடைய வேண்டும். கையில் சாதா இரும்பு ராடு ஒன்று வைத்திருந்தான். உண்மையில் அதுவே போதும்.

"இத போட்டா துரு புடிச்சிடும்பா," என்றேன். "இந்தக் காத்துக்கு ஸ்டெயின்லெஸ்தான் தாங்கும்."

என்னிடம் இருந்த ஒரு ராடை வெட்டி, பாலிஷ் போட்டு எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான், நகத்தால் சுரண்டினான். "பொட்டு துரு இல்லண்ணே. கண்ணாடி மாதிரி இருக்குது. நீங்களே கடைஞ்சு குடுத்துடுங்களேன்."

"வேணாம்பா. உன் வண்டி, நீயே கடை. எல்லாம் உன் கையாவே இருக்கட்டும்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அந்த ராடு பக்கிரியின் படகு ஷாப்டில் வெட்டியது. பக்கிரி எங்கள் கடற்கரையில் மீன் பிடிப்பவர். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஷாப்ட் அதிருகிறது என்று கழற்றிக் கொண்டுவந்தார். அவர் கண்ணுக்கும் அது பளபளவென்றுதான் இருந்தது. நான் அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, நன்றாகத் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடி தூவினேன். எங்கேயாவது கீறல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடு போடும். போட்டது. முடியை விட மெல்லிய கோடு, உள்ளே ஆழமாகப் போயிருந்தது. "இத மாட்டிக்கிட்டு கடலுக்குப் போவாதீங்க, நடுவுல கைவிட்டுடும்," என்று சொல்லி அவருக்கு வேறு ஷாப்ட் கடைந்து கொடுத்தேன். என் தொழில் சுத்தம் அப்படி.

உபைத்துக்கு வெட்டும்போது அந்தக் கோடு ஆக்சிலின் நடுவில் விழும்படி அளந்து வெட்டினேன். பிறகு பாலிஷ் போட்டேன். அவன் கடைந்தால் உடைந்தது அவன் கடைசல் என்றாகிவிடும். எங்கேயாவது தெருமுனையில் முன் சக்கரம் கோணிக்கொள்ளும், முட்டி சிராய்க்கும், நாலு பேர் சிரிப்பார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான் என்று எனக்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கீறல் விட்ட இரும்பு வண்டி மெதுவாகப் போகும்போது உடைவதில்லை, வேகத்தில்தான் உடையும். அதுவும் எனக்குத் தெரியும்.

வண்டி எடுக்கிற அன்று காலை அவர்கள் வீட்டில் ஃபாத்திஹா ஓதிச் சர்க்கரை கொடுத்தார்கள். உபைத் வண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக என் பட்டறைக்கு வந்தான். கூடவே அவன் மனைவி ஷஹானா.

"அண்ணே, மொத ரவுண்டு நீங்கதான் ஓட்டணும்."

இடுப்பு வலி என்றேன்.

ஷஹானா சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தைரியமா உக்காரலாமா அண்ணே? இவரு பேச்ச நம்ப முடியாது."

"உக்காரும்மா," என்றேன். "துரு புடிக்காத இரும்பு."

கோட்டக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பினார்கள். கீழ்புத்துப்பட்டைத் தாண்டியதும் ஆக்சில் முறிந்தது. ஷஹானாவுக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. உபைத்துக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

அடக்கமெல்லாம் முடிந்து கையில் கட்டோடு என் பட்டறைக்கு வந்தான். தரையில் உட்கார்ந்து கேட்டான்: "நான் எந்த எடத்துலண்ணே தப்பு பண்ணேன்?"

"ஓரத்த கொஞ்சம் கூர்மையா வெட்டிட்ட போல இருக்குதுப்பா, அதுல இருந்துதான் முறியும். முறையா படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஊர் அவனைக் காறித் துப்பும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து, "என் கடைசல்தான் என் பொண்டாட்டிய கொன்னுடுச்சு, என் மேல கேஸ் போடுங்க," என்று அவன் சொன்னானாமே. அதிலிருந்து ஊரில் வேறு பேச்சு இல்லை. ஜமாத்தில் பேசுகிறார்கள், குப்பத்தில் பேசுகிறார்கள். தன் தப்பைத் தானே ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்கிறார்கள். பக்கிரி என் வாசலில் நின்றே அதைச் சொல்லிவிட்டுப் போனார். சூர்யகலா அவனுக்காகச் சோறு கட்டி அனுப்புகிறாள். நேற்று சாம்பாரோடு அப்பளமும் வைத்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மனசாட்சி உறுத்தி வந்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உண்மை.

உடைந்த துண்டுகள் உங்களிடம்தான் இருக்கின்றன. முறிந்த முகத்தைப் பாருங்கள். பழைய கீறல் கறுத்திருக்கும், புதிதாக முறிந்த இடம் வெளுத்திருக்கும். அவன் டூல் பட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தவன் நான். அது எங்கே விழ வேண்டும் என்று அளந்தவன் நான். அந்த வண்டியில் அது ஒன்றுதான் சார் என் வேலை. அதையும் அவன் தன் பேரில் எழுதிக்கொள்ள நான் விட மாட்டேன்.