நம்மூர் பீர்

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் இருந்தவள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"எங்கூட்டுக்காரரு குடிய நிறுத்திட்டாருங்க்கா. அதுதான் கவலை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன் அம்மிணி, நல்லதுதானே!" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"நான் பாட்டில் கழுவுற பீர் பேக்டரிய மூடப் போறாங்களாம். நம்மூரு சரக்க நம்மாளுகளே வாங்கலைன்னா வேற யாருங்க்கா வாங்குவாங்க? நேத்து நானே ஒரு பாட்டில் வாங்கி, சோத்துத் தட்டுகிட்ட வெச்சேன்."

"அடிப்பாவி! குடிச்சாரா?"

கண்ணாடியில் படிந்திருந்த மலைமேகத்தை அவள் முந்தானையால் துடைத்தாள்.

"பாத்துக்கிட்டே இருந்தாருங்க்கா. அப்புறம் என்கிட்டயே நீட்டி, 'உன் பேக்டரிதானே, நீயே குடி புள்ள'ன்னுட்டாரு."

பேருந்து வெலிங்டனில் நின்று கிளம்பியது.

"நீ என்ன பண்ணுனே?"

"குடிச்சேனுங்க்கா. வேலை வேணுமில்ல?"