மௌனப் படத்தில் எரிபெர்தா சொன்னது

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், எவரிடமும் காட்டாதீர்கள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் பெனிக்னாவிடம் காட்டவே கூடாது. நாளை எங்கள் பள்ளியின் ஆண்டு விழா. பள்ளிக்கு மணி வாங்கிக் கொடுத்த சீமாட்டி டோன்யா எதெல்வினாவைப் புகழ்ந்து நான் பேச வேண்டும். விழாத் தலைவரும் அவர்தான். அந்தப் பேச்சை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் மேடை ஏறியதும் கீழே இருப்பதைத்தான் பேசப்போகிறேன். பேசினால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள். விளக்கணைத்த விடுதி அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணியோசையால் எங்கள் காலைகளைத் திறந்துவைக்கும் தலைவர் டோன்யா எதெல்வினா அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் சான்றோர்களே! எழுத்தும் எண்ணும் ஊட்டிய கன்னியர்களே! கூடத்தின் கடைசியில், மூட்டையை முதுகில் கட்டியபடி, உட்காரலாமா கூடாதா என்று தயங்கி நிற்கும் தாய்மார்களே! முதலில் நீங்கள் உட்காருங்கள், நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கின்றன. அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எரிபெர்தா சோக்கே என்று சொன்னால் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு தலையும் அசையவில்லை. அமாலியா டெல் மார் என்று சொன்னால்? இப்போது அசைகின்றன. இருவரும் ஒருவரே! போரில் கடற்கரையைப் பறிகொடுத்த நம் நாட்டில் ‘டெல் மார்’ என்று கடலின் பெயரை அவருக்குச் சூட்டியவர் நாடகக் கொட்டகை முதலாளி டோன் காசிமிரோ. சோக்கே என்று மலைவாழ் ஐமாரா மக்களின் பெயரைச் சுவரொட்டியில் போட்டால், பெருமக்கள் உட்காரும் கீழ்த்தள இருக்கைகள் நிரம்பாது என்பது அவர் கணக்கு.

எரிபெர்தா அந்தக் கொட்டகையில் உடைகளுக்கு இஸ்திரி போட வந்தவர். வெளிநாட்டுக் குழு ஒன்று கடற்கரையிலிருந்து ரயிலேறி லா பாஸுக்கு வந்தது. கதாநாயகி சீமாட்டி வேடத்தில் நீண்ட வசனத்தைத் தொடங்கினார். இத்தனை உயரத்தில் இருக்கும் நம் ஊரின் மெல்லிய காற்று யாரை விட்டது? பாதி வசனத்தில் மூச்சுத் திணறி விழுந்தார். திரையை இறக்கினார்கள்.

"யாருக்காவது மிச்ச வசனம் தெரியுமா?" என்று டோன் காசிமிரோ கத்தினார்.

"எனக்குத் தெரியும் ஐயா. இஸ்திரி போடும்போது தினம் காதுல விழுதே."

"நீயா? உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி இருந்துக்கிட்டு சீமாட்டியா?"

"அந்தக் கவுனுக்குள்ள பூந்துட்டா யாரும் சீமாட்டிதான் ஐயா."

புகுந்தார். மற்றவர்கள் மூன்று மூச்சில் சொன்னதை ஒரே மூச்சில் சொன்னார். மலையில் பிறந்த நெஞ்சல்லவா! அன்று எழுந்த கைதட்டல் பல ஆண்டுகள் ஓயவில்லை.

பிறகு மௌனப் படம் வந்தது. டோன் காசிமிரோ கேமரா வாங்கினார். எரிபெர்தா இன்கா இளவரசி. குதிரைமேல் வரும் வெள்ளைத் தளபதியின் காலடியில் விழுந்து அவர் கெஞ்ச வேண்டும்.

"என்ன வசனம் ஐயா?"

"எதையாவது சொல்லி வாயை அசை. யாருக்குக் கேக்கப்போகுது? அட்டையில எழுதிப் போட்டுக்குவேன்."

இதுதான் அவர் செய்த பிழை. எதையாவது சொல் என்று எரிபெர்தாவிடம் சொல்லலாமா?

படம் வெளியான நாளில் என் அம்மா கொட்டகையின் மலிவு இருக்கைகள் உள்ள மேல்தளத்தில் வறுத்த மொச்சை விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி வந்தது. "பிரபுவே, நான் தங்கள் அடிமை, இரங்குங்கள்" என்றது திரையில் வந்த எழுத்து அட்டை. மேல்தளமோ விழுந்து விழுந்து சிரித்தது! ஏன் சிரித்தது? அங்கே இருந்தவர்கள் சந்தைப் பெண்கள். சந்தை இரைச்சலில் எதிர்க் கடைக்காரி பேசுவதை உதட்டைப் பார்த்தே அறிந்துகொள்பவர்கள். எரிபெர்தாவின் உதடுகள் எங்கள் ஐமாரா மொழியில் சொன்னது இதுதான்: "வந்த வழியே குதிரைய ஓட்டிக்கிட்டுப் போடா. என் சோளத்துல அது வாய வச்சா உன் பல்ல ஒடச்சிருவேன்."

கீழ்த்தளத்துப் பெருமக்கள் சிரித்தார்களா? இல்லை. புரியவில்லையா? நன்றாகப் புரிந்தது! பண்ணை வீடுகளில் ஐமாராத் தாதியரின் முலைப்பாலோடு அந்த மொழியையும் குடித்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் மீசை முளைத்ததும் அந்த மொழி மறந்துவிட வேண்டும், அதுதான் மரியாதை. சிரித்தால் தெரியும் என்று ஆகிவிடுமே! ஒருவர் தும்முவதுபோல் முகத்தை மூடினார். ஒருவர் கையுறையைக் கடித்தார். ஒரே ஓர் இளம் சீமாட்டி மட்டும் பொறுக்க முடியாமல் எழுந்தார்.

"சீ, என்ன கொழுப்பு! பல்லை உடைப்பாளாமே!"

மேல்தளத்திலிருந்து ஒரு குரல்: "யம்மா செனோரா! படத்துல சத்தமே இல்லியே, உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?"

அந்தச் சீமாட்டி யார்? தலைவர் அவர்களே, தாங்கள்தான். எழ வேண்டாம் அம்மா, இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

மறுநாள் டோன் காசிமிரோ எரிபெர்தாவை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"மன்னிப்புக் கேளு. அந்தக் காட்சிய மறுபடி எடுத்துரலாம். அடுத்த படத்துலயும் நீதான் நாயகி. மாட்டேன்னா இந்த ஊர்ல எந்த மேடையும் உனக்குக் கெடையாது."

"எதுக்கு மன்னிப்பு ஐயா?"

"நீ சொன்னதுக்கு."

"நான் என்ன சொன்னேன்? அதை நீங்க ஒருதடவ சொல்லிக் காட்டுங்க, உடனே கேக்குறேன்."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். அவருக்கும் ஓர் ஐமாராத் தாதி இருந்தாள். எரிபெர்தா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வெளியேறினார்.

படச்சுருளை எரித்தார்கள். எந்தக் கொட்டகையும் அவரைச் சேர்க்கவில்லை. தையற்காரர் சங்கத்தின் முற்றத்திலும், சந்தைக்குப் பின்னால் சாராயப் பீப்பாய்கள்மேல் பலகை போட்ட மேடையிலும், சோக்கே என்ற சொந்தப் பெயரிலேயே கடைசிவரை நடித்தார். போன குளிர்காலத்தில் இறந்தார். செய்தித்தாளில் ஒரு வரியும் வரவில்லை.

அவையோரே! அவரை வீழ்த்தியது எது? அவர் பேசிய மொழியா? இல்லை! அதை அறிந்தும் அறியாதவர்போல் அமர்ந்திருந்த அமைதி! அந்த அமைதி இன்றும் இந்தக் கூடத்தில் அமர்ந்திருக்கிறது. இதே பள்ளியில் ஐமாராவில் ஒரு சொல் சொன்னால் முழந்தாளிட வேண்டும். முழந்தாளிட்டு முழந்தாளிட்டு எங்கள் முட்டி காய்த்துவிட்டது, மொழி மட்டும் காய்ந்துவிடவில்லை! வீட்டில் அதில்தான் அழுகிறோம், அதில்தான் சிரிக்கிறோம், கனவிலும் அதில்தான் சண்டை போடுகிறோம்!

இதுவரை பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கு, முன்வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் சேர்த்து, என் வீட்டு மொழியில், இந்த ஒலிபெருக்கியில், எல்லோர் காதிலும் விழும்படி நன்றி சொல்லி விடைபெறுகிறேன். புரிந்தவர்கள் முகத்தை மூட வேண்டாம். யுஸ்பா—

அறைக் கதவைத் தட்டுகிறார்கள்